இடது பின்பக்க ஷாக்

ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெய் ஊற்றியதும் மூடியைப் போட்டுவிடக் கூடாது. அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டைப் பிடித்து மெதுவாக மேலும் கீழும் இழுக்க வேண்டும். பிஸ்டனில் உள்ள பொடித் துளைகள் வழியாகக் காற்றுக் குமிழிகள் மேலே வரும். முதலில் பெரியவை, பிறகு கடுகு போல, கடைசியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும். எல்லாம் வந்து உடைந்த பிறகு கால் மணி நேரம் நிறுத்திவைத்து, எண்ணெயை விளிம்பு வழிய நிரப்பி, அதன்மேல் ரப்பர் சவ்வை வைத்து மூடியைத் திருக வேண்டும். ஒரு குமிழி உள்ளே தங்கினாலும் ஷாக் பொய் சொல்லும்.

என் மகளின் இடது கண்ணைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அதைச் சொல்ல இங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

அப்போது நாங்கள் மலாக்காவில் புக்கிட் காத்தில் பக்கம் ஒரு தாமானில், வரிசை வீடுகள் கட்டிய குடியிருப்பில், இருந்தோம். கணவர் லாரி ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். நான் மின்னணுத் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருந்தேன். மகளுக்குப் பதின்மூன்று வயது, ஒரே பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைகளில் கணவர் ரிமோட் கார் பந்தயத்துக்குப் போவார். பொம்மைக் கார் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். எனக்கும்தான். நிஜக் காரில் எட்டில் ஒரு பங்கு அளவு, மூன்று கிலோவுக்கு மேல் எடை, எரிபொருள் குடிக்கும் சின்ன எஞ்சின். நேர்ப்பாதையில் மோட்டார் சைக்கிள் வேகத்துக்குப் போகும். அதைப் பொம்மை என்று சொல்கிறவர்கள் அதன் எதிரில் நின்றதில்லை.

எஞ்சின், சக்கரம், பல்சக்கரம் எல்லாம் அவர் வேலை. நான்கு ஷாக்குகளும் என் வேலை. லாரி ஸ்பிரிங் மாற்றிய அவர் விரலுக்கு அந்தச் சின்ன ரப்பர் வளையங்கள் அடங்கவில்லை. தண்டின் முனையில் மரை இருக்கும், வளையத்துக்குள் நுழைக்கும்போது அந்த மரை ரப்பரைக் கீறிவிடும். நான் முனையில் ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாயை மாட்டி, எண்ணெய் தடவி நுழைப்பேன். தண்டைக் குறட்டால் பிடிக்க நேர்ந்தால் துணி சுற்றித்தான் பிடிப்பேன். முடித்ததும் இடது வலது இரண்டையும் முனையோடு முனை வைத்து அழுத்திப் பார்ப்பேன். எது முதலில் உள்வாங்குகிறதோ அதில் குறை. இரண்டும் சமமாக உள்வாங்கும்வரை பிரித்துப் பிரித்துச் செய்வேன்.

"நீ செஞ்சா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி உக்காருதுலா" என்பார் அவர். அதற்கு மேல் அவரிடம் பாராட்டு வராது.

சுத்தம் எனக்குத் தொழிலில் பழகிய ஒன்று. தொழிற்சாலையில் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, முகக்கவசம். பவுடர் கூடாது, பொட்டுக்குக் குங்குமம் கூடாது. வீட்டில் இட்ட திருநீற்றை வாசலில் ஈரத் துணியால் துடைத்துவிட்டுத்தான் தினமும் உள்ளே போவேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி என்ன செய்யும் என்று பூதக்கண்ணாடியில் எங்களுக்குக் காட்டியிருந்தார்கள். ஆக, எனக்குத் தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ள வழியில்லை.

பந்தயத் தடம் டுரியான் துங்கால் பக்கம், நாங்கள் இருவரும் பிறந்த தோட்டத்தின் பழைய பந்துத் திடலில் இருந்தது. தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள், கோயிலை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். திடலில் செம்மண்ணைக் குவித்து மேடு பள்ளம், வளைவு எல்லாம் அமைத்திருந்தார்கள். ஓட்டுகிறவர்கள் ஒரு மரமேடை மேல் வரிசையாக நின்று ரிமோட்டைப் பிடித்திருப்பார்கள். கார் கவிழ்ந்தால் ஓடிப்போய் நிமிர்த்திவிடத் தடத்தின் ஓரத்தில் ஆள் நிற்க வேண்டும். மார்ஷல் என்பார்கள். ஆள் போதாதபோது குடும்பத்தாரும் நிற்பது அங்கே வழக்கம். என் மகள் ஆசையோடு நிற்பாள். பெரிய மேட்டுக்கு அப்பால் கார்கள் வந்து இறங்கும் இடம்தான் அவளுக்குப் பிடித்த இடம். அங்கேதான் அதிகம் கவிழும்.

எனக்குப் பயம் பிடித்தது மஸ்ஜித் தானா ஊரில் நடந்த ஒரு பந்தயத்தில். அங்கே மார்ஷலாக நின்ற ஒரு மலாய்க்காரப் பெரியவரின் முழங்காலுக்குக் கீழே ஒரு கார் வந்து அடித்தது. அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே எழுந்திருக்க முடியாமல் போனது. அடுத்த பந்தயத்துக்கு ஊன்றுகோலோடு வந்தார். அவருக்கு அடிபட்ட உயரம் என் மகளின் உடம்பில் எங்கே வரும், அவள் காரைத் தூக்கக் குனிந்தால் அந்த உயரத்தில் எது இருக்கும் என்று நான் கணக்குப் போட ஆரம்பித்தேன். தொழிற்சாலையில் கண்ணாடிக்குக் கீழே பார்க்கும்போதும் அதே கணக்கு.

கணவரிடம் சொன்னேன். அவளை நிறுத்த வேண்டாம், வேறு யாரையாவது பாருங்கள் என்றேன்.

"அந்த மலாய்க்காரப் பக்சிக் சிகரெட்ட பத்தவெச்சிக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்னாரு. இவ அப்படியா? இவ கண்ணு கழுகுக் கண்ணு."

அந்த வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அப்போதே பட்டது. மகள் சாப்பிட்டுக்கொண்டே தலையைத் தூக்கினாள்.

"ம்மா, அப்பா பத்து அடி ஓடினாலே மூச்சு வாங்குறாரு. நான் நிக்கலன்னா அவரு காரு கவுந்து கெடந்து வெயில்ல காயும். பரவால்லயா?"

இருவரும் சிரித்தார்கள்.  எனக்குத் தெரிந்த வேறொன்றைச் செய்தேன்.

எங்கள் தோட்டத்துக் கோயிலில் தீமிதி முடிந்ததும் குழியிலிருந்து சாம்பல் அள்ளிக்கொண்டு வருவோம். பிரயாணம் போகும்போது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், புதிதாக வண்டி வாங்கினால் அதைத்தான் வைப்போம். கடையில் விற்கும் திருநீறு போல மாவாக இருக்காது. கரித்துகள், மண், பொடிக்கல் எல்லாம் கலந்திருக்கும். சலிக்கக் கூடாது என்பார்கள். மாத்திரை டப்பி ஒன்றில் போட்டுச் சாமிப் படத்தின் பக்கத்தில் வைத்திருந்தேன்.

முதலில் ஒருமுறை அதைக் காரின் மேற்கூட்டில் மூன்று கோடாக இட்டேன். தடத்தில் எல்லோரும் பார்த்தார்கள். கார் ஷாம்பூ விற்கும் ஒரு சீன நண்பர், உங்கள் காருக்கும் கோயில் உண்டா என்று மலாயில் கேட்டார். கணவர் சிரித்துச் சமாளித்துவிட்டுச் சட்டை நுனியால் அதைத் துடைத்தார். என்னிடம் மெதுவாக, "தேரா இழுக்கப் போறோம்? ஓட்டப் போறோம்லா. மானத்த வாங்காத" என்றார்.

அதனால்தான் ஒளித்து வைத்தேன்.

அந்த ஞாயிறு வானம் சரியாக இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் காடு எரிந்து புகைமூட்டம் வந்திருந்த நாள்கள் அவை. காலை எட்டு மணிக்குச் சூரியன் செப்புத் தட்டு போலத் தொங்கியது. நேராகப் பார்த்தால் கூசவில்லை. காற்று அசையவில்லை. கார் சமையலறை மேசையில் தயாராக இருந்தது. முந்தின நாள் பகலில் நான்கு ஷாக்கையும் பிரித்து, புது வளையங்கள் போட்டு, எண்ணெய் மாற்றியிருந்தேன். கணவரும் மகளும் வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் சாமி கும்பிட்டுவிட்டு வந்தேன். சாம்பலில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். எங்கே வைத்தால் யாருக்கும் தெரியாது என்று பார்த்தேன். காரின் இடது பின்பக்கம் என் பக்கமாக இருந்தது. ஸ்பிரிங்கின் சுருள்களுக்கு நடுவே, உள்ளே பளபளவென்று தெரிந்த தண்டின்மேல் மோதிர விரலால் தடவினேன். காருக்காக அல்ல. அவளை ஒன்றும் செய்யாதே என்று அந்தக் காரைக் கேட்டுக்கொண்டேன்.

ஒவ்வொரு முறை சக்கரம் எழும்போதும் அந்தத் தண்டு ரப்பர் வளையத்துக்குள் போய் வரும். தன்மேல் இருப்பதை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நிமிடம் அது தண்டாகத் தெரியவில்லை. நெற்றியாகத் தெரிந்தது. வேறு விதமாக எனக்குச் சொல்ல வரவில்லை.

தகுதிச் சுற்று மூன்று. முதல் சுற்றில் கார் நன்றாக ஓடியது. இரண்டாவது முடிந்து வந்தபோது இடது பின்பக்கத்தில் லேசான ஈரம். எரிபொருள் தெறித்திருக்கும் என்று நினைத்தேன். மூன்றாவது முடிந்தபோது அந்த இடத்தில் செம்மண் களிம்பு மாதிரி அப்பியிருந்தது. எண்ணெய் கசிகிற இடத்தில்தான் மண் அப்படி ஒட்டும். கையால் அழுத்திப் பார்த்தேன். மற்ற மூன்றும் நிதானமாக எழும்பின. அது மட்டும் வெறும் ஸ்பிரிங் போல வெடுக்கென்று எழும்பியது.

இறுதிச் சுற்றுக்கு அரை மணி நேரம் இருந்தது. மாற்று வளையங்கள் என் டப்பாவில் இருந்தன. ஷாக்கைக் கழற்றித் தண்டைத் துடைத்து, வளையத்தை மாற்றி மறுபடி நிரப்ப எனக்கு இருபது நிமிடம் போதும். துணியைக் கையில் எடுத்தேன். துடைக்க வேண்டியது சாம்பலை. பந்தயத்துக்கு நடுவே, அவள் அந்த மேட்டடியில் போய் நிற்கப்போகும் நேரத்தில், நான் வைத்ததை நானே துடைப்பதா? கை வரவில்லை. மூடியை மட்டும் திறந்து, குறைந்த எண்ணெயை ஊற்றி நிரப்பி மூடினேன். கணவர் வந்து பார்த்து, எல்லாம் சரியா என்று கேட்டார்.

"சரிதான்" என்றேன்.

இறுதிச் சுற்று நீளமானது. நடுவில் ஒரு தடவை கார் உள்ளே வந்து எரிபொருள் நிரப்பிக்கொண்டு போக வேண்டும். நிரப்புவது நான். புகையில் தடத்தின் கோடி மங்கலாகத் தெரிந்தது. மேட்டுக்கு அப்பால் என் மகளின் மஞ்சள் சட்டையை மட்டும் அடையாளம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கார் உள்ளே வந்தது. தூக்கினேன். இடது பின்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. விரலில் பட்ட எண்ணெயில் நறநறப்பு இருந்தது. மேடையிலிருந்து கணவர், "விடு, விடு" என்றார். மூன்று வினாடி, நான்கு வினாடி இருக்கும். எரிபொருளை ஊற்றி மூடினேன். காரைத் தரையில் வைத்தேன். அது என் கையை விட்டுப் போனது.

கார் தடத்தை அடுத்த முறை சுற்றியபோதா அதற்கடுத்த முறையா, நினைவில்லை. வேறு யாருடைய காரோ மேட்டடியில் கவிழ்ந்தது. மஞ்சள் சட்டை ஓடியது, குனிந்தது. எங்கள் கார் மேட்டில் ஏறிப் பறந்தது. காற்றில் நேராகத்தான் இருந்தது. தரையைத் தொட்டபோது மூன்று கால்கள் அடியை வாங்கிக்கொண்டன. நான்காவது அதை அப்படியே திருப்பிக் கொடுத்தது. பின்பக்கம் துள்ளி எழுந்து, கார் பக்கவாட்டில் சுழன்று அவள் இருந்த இடத்துக்குப் போனது. சத்தம் பெரிதாக இல்லை. தேங்காயை மண் தரையில் போட்டது போல.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. கண்ணுக்குக் கீழே எலும்பின்மேல் தோல் பிளந்திருந்தது. உள்ளங்கையால் இடது கண்ணை மூடியிருந்தாள். கையை எடு என்றேன். எடுத்தாள்.

"ம்மா, செவப்பா தெரியுது. நீயும் செவப்பா இருக்க."

வேனில் ஏற்றி மலாக்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். 

கண்ணின் முன்னறையில் ரத்தம் இறங்கியிருக்கிறது என்றார் மருத்துவர். ஒரு பெண், வயதில் என்னைவிடச் சின்னவர். விளக்கைப் பிடித்து எனக்கும் காட்டினார். கருவிழிக்குள் அடியில் சிவப்பாக ஒரு மட்டம் நின்றது. தலையைச் சாய்த்தால் அதுவும் சாய்ந்தது. வருஷக்கணக்காக எண்ணெய் மட்டம் பார்த்துப் பழகியவள் நான். அதைப் பார்த்ததும் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஐந்து நாள் தலையை உயர்த்தி அசையாமல் படுத்திருக்க வேண்டும், ரத்தம் தானாக வடிய வேண்டும், அதற்குள் இரண்டாம் தடவை கசிந்தால் பார்வைக்கு உறுதி சொல்ல முடியாது என்றார்.

அன்று மாலையே அவளுக்குத் துணிமணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். வேனிலிருந்து இறக்கிய கார் வரவேற்பறையில் கிடந்தது. உடனே திரும்பியிருக்க வேண்டியவள் உட்கார்ந்து அந்த ஷாக்கைக் கழற்றினேன். மூடியைத் திறந்தால் எண்ணெய் கால் பங்குகூட இல்லை. இருந்ததும் சாம்பல் நிறத்தில் கூழாக இருந்தது. ரப்பர் வளையங்கள் ஓரம் பிய்ந்து நார் நாராக இருந்தன. தண்டில் நீளவாக்கில் கீறல்கள். தொழிற்சாலையில் இப்படி ஒன்று என் மேசைக்கு வந்தால் காரணம் எழுத எனக்கு ஒரு நிமிடம் ஆகாது.

மூன்றாம் நாள் பார்வையாளர் நேரத்தில், தோட்டத்தில் எங்கள் பக்கத்து வீட்டிலிருந்த அக்கா பஸ் மாறி மாறி வந்தார். பிள்ளையைப் பார்த்துக் கண்கலங்கினார். பிறகு மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

"பெரிய கண்டம்டி இது. தலையோட போவ வேண்டியது கண்ணோட போச்சு. இத வெச்சு விடு, நம்ம குழிச் சாம்பல்தான்."

அவர் விரல் மகளின் நெற்றிக்குப் போவதற்குள் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். அக்கா என்னையே பார்த்தார்.

"என்னடி, சாமி மேலயா கோவம்?"

கண்ணில் தூசி விழக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். உண்மைதான். பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதை எங்கே போடுவது என்று தெரியாமல் மாலைவரை கைப்பையில் வைத்திருந்தேன்.

இதற்குள் எல்லோரும் குற்றத்தைக் கணவர்மேல் வைத்துவிட்டார்கள். மேட்டில் வேகத்தைக் குறைத்திருக்கலாம் என்றார்கள் தடத்து நண்பர்கள். சொந்தப் பிள்ளையையே அடித்துவிட்டான் என்று அவர் ஒர்க்‌ஷாப்பில் ஒருவன் சொன்னானாம், பாதி வேடிக்கையாக. மகளும் அவரிடம் சரியாகப் பேசவில்லை. அவர் வந்தால் கட்டுப் போடாத ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவது போலக் கிடப்பாள். ஓட்டியது நான்தானே என்று அவரும் ஒத்துக்கொண்டார்.

நான்காம் நாள் வார்டுக்கு வெளியே நடையில் வைத்து அவரிடம் சொன்னேன். சாம்பலை எங்கே வைத்தேன், எப்போது கசிவைப் பார்த்தேன், ஏன் துடைக்கவில்லை, எரிபொருள் ஊற்றும்போது என்ன தெரிந்தது, எல்லாம். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவகிட்ட சொல்லாத."

"ஏங்க?"

"எம்மேல கோவமா இருக்கா. இருக்கட்டும். ரெண்டு பேர்மேலயும் கோவம்னா அவ யாருகிட்ட போவா?"

 அவர் உள்ளே போய்க் கட்டிலருகே உட்கார்ந்தார். அவள் தூங்குவது போலக் கிடந்தாள்.

ரத்தம் வடிந்துவிட்டது. இரண்டாம் தடவை கசியவில்லை. பார்வை ஏறக்குறைய முழுதும் திரும்பியது. ஆனால் கண்பாவையைச் சுருக்கும் தசை கிழிந்துவிட்டது என்றார் மருத்துவர். வலது கண்ணின் பாவை வெளிச்சத்தில் மிளகு போலச் சுருங்கும். இடது கண்ணின் பாவை பகலிலும் இரவிலும் ஒரே அளவில் அகலமாகத் திறந்தே இருக்கிறது. வெயிலில் கூசும், கறுப்புக் கண்ணாடி போட வேண்டும். இதைவிடப் பெரிய விஷயத்தை அவர் கடைசியில் சொன்னார். அடிபட்ட கண்ணில் அழுத்தம் எப்போது வேண்டுமானாலும் ஏறலாம். அடுத்த வருஷம் ஏறலாம், பத்து வருஷம் கழித்தும் ஏறலாம். வலிக்காது. தெரியும்போது பார்வையின் ஓரம் போயிருக்கும். ஆண்டுதோறும் வந்து பாருங்கள் என்றார். எத்தனை ஆண்டு என்று கேட்டேன். அவர் அட்டையில் அடுத்த தேதியைக் குறித்தார்.

அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறோம். கணவர் பந்தயக் காரைக் கொடுத்துவிட்டார். மகள் அவரோடு பேசுகிறாள், ஆனால் அளந்து பேசுகிறாள். அந்த அளவு எங்கிருந்து வந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியும், அவளுக்குத்தான் தெரியாது. அவள் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். இதை அவள் படித்துவிட முடியும். தெரிந்துதான் எழுதுகிறேன். அவர் கேட்டுக்கொண்டதை மீறுகிறேன் என்பதும் தெரியும்.

இந்த ஆண்டுப் பரிசோதனைக்குப் போன மாதம் கூட்டிப் போனேன். கருவியில் தாடையை வைத்துக்கொண்டு அவள் அசையாமல் இருந்தாள். மருத்துவர் அழுத்தத்தின் எண்ணைச் சொன்னார். இப்போதைக்குச் சரியாக இருக்கிறது என்றார். உள்ளே பார்ப்பதற்காக வலது கண்ணில் சொட்டு மருந்து விட்டார். அது விட்டால் பாவை விரிந்துவிடும்; ஏற்கெனவே விரிந்திருக்கும் இடது கண்ணுக்கு அது தேவையில்லை.

திரும்பும்போது காரில் என் பக்கத்து இருக்கையில் இருந்தாள். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். சிவப்பு விளக்கில் நின்றபோது திரும்பிப் பார்த்தேன். இரண்டு பாவைகளும் ஒரே அளவில் இருந்தன. அவளுடைய பழைய முகம்.

"என்னம்மா அப்படிப் பாக்குற?"

ஒன்றுமில்லை என்றேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு ஏதாவது சாக்கு வைத்து மணிக்கொரு தரம் அவள் அறைக்குப் போனேன். நான்கு மணிக்குச் சமமாக இருந்தது. ஐந்து மணிக்கும் அப்படியே. ஆறரைக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது வலது கண்ணின் பாவை சுருங்கத் தொடங்கியிருந்தது.